பட்டாசுக் கடைக்கு எந்தச் சுவர்?

ஆடிப் பதினெட்டு அன்றே சிவகாசியில் அடுத்த ஆண்டு பிறந்துவிடும். வரும் வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்களை அச்சகங்கள் பூஜை போட்டு வெளியிடுவது அன்றைக்குத்தான். ஏஜென்டுகள் அந்த ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். நகைக்கடைக்காரர் பெரிய படம் கேட்பார், ஏனென்றால் அது கூடத்தில் தொங்க வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கு நல்ல நேரமும் ராகு காலமும் போட்ட தினசரிக் காலண்டர் போதும், அது சமையல்கட்டு வாசலில் தொங்கும். பருப்புத் தீர்ந்துபோன நேரத்தில் அந்த வீட்டு அம்மாவின் கண் தாளுக்குக் கீழே இருக்கும் போன் நம்பரில் விழும். எந்த வீட்டில், எந்தச் சுவரில், யார் கண்ணில் படும்படி கடைப் பெயர் தொங்க வேண்டும் என்ற கணக்கை அட்டையில் அடித்து நாடு முழுக்க விற்ற ஊர் இது. அந்த ஊரே இன்று தன் சொந்தச் சரக்குக்குச் சுவர் தேடும்போது அந்தக் கணக்கை மறந்துவிட்டது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், டெலிகிராம் என்று எங்கே திரும்பினாலும் அதே பட்டாசுப் பெட்டி, அதே விலைப்பட்டியல், அதே தள்ளுபடி. இருக்கிற சுவரிலெல்லாம் ஒட்டிவைப்போம், எதிலாவது ஒருவர் மாட்டுவார் என்ற போஸ்டர் கணக்கு இது.

ஒரு வியாபாரத்துக்கு எந்தச் சமூக ஊடகம் பொருந்தும் என்பதை அங்கே எத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்வது தவறு. சரக்கு எப்படிப்பட்டது, அதை எங்கே வைத்து விற்கலாம், வாங்குகிறவர் எந்த இடத்தில் மனதில் தீர்மானிக்கிறார் என்ற மூன்றும்தான் அதை முடிவு செய்ய வேண்டும். பட்டாசுக்கு இந்த மூன்றையும் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை பலருக்குப் பிடிக்காது. சமூக ஊடகத்தைப் பட்டாசு வியாபாரி கடைக்கு வழி சொல்லும் பலகையாக மட்டுமே வைத்துக்கொள்ளலாம், அதைக் கல்லாப்பெட்டி ஆக்கக் கூடாது. வழி சொல்லும் பலகைக்கு ஊர் முழுக்கச் சுவர் தேவையில்லை, சாலை பிரிகிற இடத்தில் ஒன்றிரண்டு இருந்தால் போதும்.

முதலில் சட்டம். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் பட்டாசை வெடிபொருளாகத்தான் பார்க்கின்றன. தயாரிக்க, இருப்பு வைக்க, விற்க என்று எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தில் கடையின் முகவரி இருக்கும், எத்தனை கிலோ வைத்துக்கொள்ளலாம் என்ற அளவும் இருக்கும். 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு என்றால் நம் நினைவுக்கு வருவது இரவில் இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்கலாம் என்பதும், சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் விழுந்த தடையும்தான். அதே தீர்ப்பில் ஃபிளிப்கார்ட், அமேசான் என்று பெயர் சொல்லியே, இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றும் சொல்லப்பட்டது. 2025 அக்டோபர் 15 அன்று டெல்லி வட்டாரத்தில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாட்கள் வழிவிட்டபோதும் நீதிமன்றம் இணையவழி விற்பனைக்கு வழிவிடவில்லை. ஊடக நிறுவனங்களின் சொந்த விதிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பரக் கொள்கை வெடிபொருளுக்கு இடம் தருவதில்லை. கூகுள் விளம்பர விதிகளின் ஆபத்தான பொருள்கள் பட்டியலில் பட்டாசு இருக்கிறது. வாட்ஸ்அப்பின் வணிகக் கொள்கையும் வெடிபொருள் விற்பனையை விலக்குகிறது. ஆகவே காசு கட்டி விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கிற கதவு உரிமம் உள்ள வியாபாரிக்கு அடைபட்ட கதவு. அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நிற்கிறவன் பெரும்பாலும் உரிமத்தைப் பற்றிக் கவலைப்படாதவன்.

அப்படி வந்து நிற்கிறவன் செய்யும் மோசடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழகக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு, பட்டாசு தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் போலி இணையதளங்கள் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அப்படி ஒரு பக்கத்தைத் திறந்தால் என்ன இருக்கும்? மேலே வானில் விரிகிற ஒரு வாணவெடிப் படம். ‘சிவகாசி நேரடி விலை’ என்று ஒரு வரி. ‘80% தள்ளுபடி’ என்று சிவப்பில் இன்னொரு வரி. அப்புறம் பட்டியல்: பிஜிலி வெடி, லட்சுமி வெடி, தரைச்சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு, கிப்ட் பாக்ஸ். ஒவ்வொன்றுக்கும் அடித்துக் கோடு போட்ட ஒரு விலை, பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்த விலை. கடைசியில் ஒரு கைபேசி எண், பணம் அனுப்ப ஒரு கியூஆர் கட்டம். முகவரி என்ற இடத்தில் ‘சிவகாசி - 626123’ என்பதோடு சரி. தெருப் பெயர் கிடையாது, உரிம எண் கிடையாது. இப்போது உரிமம் வைத்து ஒழுங்காகத் தொழில் செய்கிற ஒரு கடையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல கடைகளில் அதே வாணவெடிப் படம், அதே பட்டியல், அதே 80 சதவீதம். முகவரி கொஞ்சம் நீளமாக இருக்கலாம்.

இதில் மோசடிக்காரனின் திறமை என்று எதுவுமில்லை. பெட்டியில் ஒரு விலையை அச்சடித்துவிட்டு அதில் எண்பது சதவீதத்தைத் தள்ளிக் கொடுப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் பழக்கம். வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும், நேருக்கு நேர் கடையில் நிற்கும்போது அது ஒரு விளையாட்டு. பெட்டியைத் தூக்கிப் பார்க்கலாம், லேபிளில் அணில் இருக்கிறதா சேவல் இருக்கிறதா என்று பார்க்கலாம், பேரம் பேசலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். அந்த விளையாட்டை அப்படியே திரைக்குக் கொண்டுபோனபோது தூக்கிப் பார்க்கப் பெட்டி இல்லை, அடுத்த கடைக்கு நடக்கக் கால் இல்லை, மிச்சம் இருப்பது எண்பது சதவீதம் மட்டும். லேபிள் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். எழுத்துத் தெரியாதவரும் சரக்கை இனம் காணட்டும் என்று சிவகாசி தன் பெட்டிகளின் மேல் அச்சடித்த அடையாளம், இப்படித்தான் மோசடிக்காரனின் முகமூடி ஆனது. நல்ல வியாபாரி எத்தனை ஊடகங்களில் இதே மொழியில் இதே படத்தைப் போடுகிறாரோ, அத்தனை ஊடகங்களிலும் அவரையும் போலியையும் பிரித்துப் பார்ப்பது கடினமாகிக்கொண்டே போகும். பரவலாக இருப்பது நல்லது என்ற பொது அறிவுரை பட்டாசில் தலைகீழாக வேலை செய்கிறது.

போலியால் காட்ட முடியாதது எது? கால் ஊன்றி நிற்கிற ஓர் இடம், பல வருஷப் பழக்கம், இரண்டும்தான். ஊடகத்தைத் தேர்வதற்கு இதைவிட நல்ல அளவுகோல் பட்டாசுக் கடைக்காரருக்குக் கிடையாது. இந்த அளவுகோலில் முதலில் தேறுவது, சமூக ஊடகம் என்றே பலர் எண்ணாத கூகுள் மேப். சாத்தூர் ரோட்டிலோ விருதுநகர் ரோட்டிலோ இருக்கிற கடைக்கு அங்கே ஒரு புள்ளி, கடை முகப்பின் படம், உரிம எண் தெரியும்படி பெயர்ப்பலகையின் படம், திறக்கும் நேரம். வாடிக்கையாளர்கள் வருஷா வருஷம் எழுதிவிட்டுப் போகும் நாலு வரியும் அவர்கள் எடுத்த படங்களும் அதன் கீழே சேர்ந்துகொண்டே போகும். மேப்பிலும் போலிப் புள்ளி வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளியைப் பார்த்து ஒரு வேன் ஆட்கள் நேரில் வந்து இறங்கினால் அங்கே கடை இருந்தாக வேண்டும். மற்ற ஊடகங்களில் பொய் சொல்கிறவனுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு வருகிறவர்கள் கடைசியாகத் திறந்து பார்ப்பதும் அந்த மேப்பைத்தான். மனதில் தீர்மானிக்கிற இடம் என்று முன்பு சொன்னது அதுதான்.

இரண்டாவது வாட்ஸ்அப், அதுவும் அதன் பழைய, சலிப்பூட்டும் வடிவத்தில். வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. விளம்பர ஆசையில் இருப்பவர் இதை ஒரு குறையாகப் பார்ப்பார். பட்டாசு வியாபாரிக்கு இதைவிட நல்ல சல்லடை கிடையாது. கடைப் பெயரைப் போட்டு எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர் ஏற்கெனவே ஒருமுறை வந்து வாங்கியவராக இருப்பார், அல்லது அப்படி வாங்கியவரின் மைத்துனராக இருப்பார். அவருக்குப் போக வேண்டியது கடை திறக்கும் தேதியும் இந்த வருஷத்துப் புதுச் சரக்கும் மேப் சுட்டியும்தான். கேட்லாக்கில் பட்டாசை அடுக்கி, பணம் வாங்கி, பார்சல் போடுகிற இடமாக வாட்ஸ்அப்பை மாற்றினால் அதன் கொள்கையை மீறியதாகக் கணக்கையே முடக்கிவிடலாம். முடக்குவது பெரும்பாலும் ஐப்பசியில்தான் நடக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

எந்த ஊடகத்தையும் நம்பித் தொழிலைக் கட்டக் கூடாது என்பதற்கு அண்மைக்கால உதாரணங்களே போதும். டிக்டாக்கைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொல்லி 2019 ஏப்ரலில் இடைக்கால உத்தரவு போட்டது நம் பக்கத்து ஊரில் இருக்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அந்த மாதமே அந்த உத்தரவு விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் மொத்தமாகப் போனது. அதில் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்த கடைகளுக்கு மறுநாள் காலையில் ஒரே ஒரு போன் எண்கூட மிஞ்சவில்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஒன்றாக விழுந்து சுமார் ஆறு மணி நேரம் எழவில்லை. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4, சரியாக ஒரு மாதம் முன்பு. மூன்று கடை வைத்திருக்கிறோம் என்று நினைத்தவர்களுக்கு அவை ஒரே கூரையின் கீழ் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் ஊரும் ஒரு நீளநோட்டில், கணக்கு எழுதுகிற அதே பேரேட்டில், இருந்தால் இந்தப் பயம் இல்லை. பழைய பாணி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இளைஞர்கள் எல்லோரும் இன்ஸ்டாகிராமில் இருக்கும்போது அதை விட்டுவிடச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்பார்கள். கேள்வி சரிதான், விடை பட்டாசை வாங்குகிறவர் யார் என்பதில் இருக்கிறது. பட்டாசு வேண்டும் என்று அடம்பிடிப்பவர் வேறு, காசு கொடுப்பவர் வேறு. மொத்தமாக வாங்குகிறவர்கள் இன்னும் வேறு: மாதா மாதம் பணம் கட்டிப் பட்டாசுச் சீட்டு நடத்தும் பெண்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள், ஊழியர்களுக்கு கிப்ட் பாக்ஸ் கொடுக்கும் மில் முதலாளிகள். இவர்கள் ரீல்ஸ் பார்க்காதவர்கள் இல்லை, ஆனால் ரீல்ஸைப் பார்த்து ஆர்டர் போடுவதில்லை. போன வருஷம் யாரிடம் வாங்கினீர்கள், எது வெடித்தது, எது நமத்துப்போனது என்று இன்னொருவரைக் கேட்டுத்தான் போடுகிறார்கள். இன்னொரு பக்கம், பத்து லட்சம் பேர் பார்த்த ரீல்ஸால் ஒரு கடைக்கு ஆகப்போவது என்ன? உரிமத்தில் எழுதியிருக்கும் கிலோவுக்கு மேல் ஒரு பெட்டிகூட அவர் வைத்துக்கொள்ள முடியாது. இருப்புக்கு அளவு இருக்கிற தொழிலில் அளவில்லாத பார்வையாளரைத் தேடுவது, அந்த அளவை மீறச் சொல்லிக் காதில் ஓதிக்கொண்டே இருக்கும்.

ரீல்ஸின் பசி வேறு மாதிரியும் ஆபத்தானது. திரையில் எடுபடுவது பெரிய சத்தம், பெரிய வெளிச்சம், வழக்கத்தை மீறிய ஏதோ ஒன்று. கம்பி மத்தாப்பைப் பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பவரை யாரும் பகிர்வதில்லை. சரக்கு அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் நின்று கொளுத்திக் காட்டச் சொல்லும் இழுப்பு அந்த வடிவத்திலேயே இருக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் நடந்த விபத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பட்டாசை வெடித்துச் சோதித்தபோது பறந்த பொறிதான் காரணம் என்று அப்போதைய செய்திகள் கூறின. அதற்கும் சமூக ஊடகத்துக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை. சரக்கு இருக்கும் இடத்தில் ஒரு பொறி என்ன செய்யும் என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கொளுத்திக் காட்டியே ஆக வேண்டும் என்றால் யூடியூப் பரவாயில்லை. அங்கே ஆட்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள், புதுத் தினுசு ஒன்று எத்தனை நொடி எரியும், எவ்வளவு உயரம் போகும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வருகிறார்கள். கடையிலிருந்து தள்ளி, திறந்த வெளியில், நிதானமாக எடுத்த ஒரு வீடியோ மூன்று நான்கு தீபாவளிக்கு உழைக்கும். ரீல்ஸுக்கு ஆயுள் சில நாட்கள்தான், அப்புறம் அடுத்ததைப் போடச் சொல்லும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சிறு வியாபாரிக்கு நேரடி விற்பனை மூச்சுக்காற்று மாதிரி, மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்ததே கைபேசிதான், அதை வழிகாட்டிப் பலகையாகச் சுருக்கிக்கொள்ளச் சொன்னால் அவரைப் பழைய பிடிக்கே திருப்பி அனுப்புவதாகும் என்பது அந்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கிறவர் மூவாயிரம் ரூபாய்ப் பட்டாசுக்காகச் சிவகாசி வரை வரமாட்டார். ஆனால் அவருக்குச் சரக்கு எப்படிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரயிலில் பட்டாசு ஏற்றக் கூடாது, தபாலிலும் கூரியரிலும் அனுப்ப முடியாது. மிச்சம் இருப்பது லாரி பார்சல், அதிலும் உள்ளே என்ன என்பதைச் சொல்லாமல் துணி மூட்டையோடு மூட்டையாக ஏற்றிவிடுகிற வேலை. வழியில் ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது என்று எந்த ரசீதிலும் இருக்காது. நேரடி விற்பனையின் லாபம் இடைத்தரகர் இல்லாமல் போவதில் கிடைக்கிறது, அது கடைக்கு வந்து வாங்குகிறவரிடமும் முழுதாகவே கிடைக்கும். வர முடியாத தூரத்தில் இருப்பவருக்கு வேறு வழி இருக்கிறது. நம்மிடம் சரக்கு எடுத்து விற்கும் உரிமம் பெற்ற கடைகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்ற பட்டியலை, முகவரியோடு, தன் பக்கத்தில் போட்டு வைக்கலாம். கோயம்புத்தூர்க்காரர் தன் ஊரிலேயே போய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து வாங்குவார். விலைப்பட்டியலைப் போடுவதைவிட இந்தப் பட்டியலைப் போடுகிறவர்கள் ஏன் இத்தனை குறைவு என்பது புரியவில்லை.

சரக்கு மாறினால் சுவரும் மாறும். இதே மாவட்டத்தில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு இன்ஸ்டாகிராம் அற்புதமான இடம். கண்டதும் நாக்கில் நீர் ஊறும் பொருள், கூரியரில் போகும், சட்டம் குறுக்கே வராது, சில நாளுக்குள் தீர்த்துவிட வேண்டியது என்பதால் அன்றன்றைக்கு நினைவூட்டுவதும் பொருத்தம். சாத்தூர் சேவுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கு இன்ஸ்டாகிராமில் என்ன வேலை? அதை வாங்குவது மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி, அவரை லிங்க்ட்இன்னிலும் இந்தியாமார்ட்டிலும்தான் பிடிக்க முடியும். விருதுநகர் மார்க்கெட்டின் மல்லி, வத்தல், உளுந்து வியாபாரிகளுக்கு அன்றைய விலை நிலவரம் சுற்றுகிற வாட்ஸ்அப் குழுவைத் தாண்டி எதுவும் தேவைப்படுவதாகத் தெரியவில்லை, அவர்களும் தேடிக்கொண்டு போவதில்லை. காலண்டர் அச்சகங்கள் ஆல்பத்தை பிடிஎஃப் ஆக்கி ஏஜென்டுகளுக்கு அனுப்பலாம், ஆனாலும் கடைக்காரர் காகிதத்தைத் தடவிப் பார்க்காமல் முன்பணம் தரமாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரே மாவட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை விடைகள் இருக்கும்போது எல்லாத் தொழிலுக்கும் ஒரே பாடத்தை நடத்துகிற டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்புகளை என்ன சொல்வது!

பட்டாசுக்காரருக்கு இன்னொரு வசதி இருக்கிறது, அதை அவர் வசதியாக நினைப்பதில்லை. தீபாவளி முடிந்து ஆடி வரை அவருக்குச் சில்லறை விற்பனை அனேகமாகக் கிடையாது. ஊடகத்தில் ஆள் சேர்ப்பதே குறி என்றால் இந்த எட்டு மாதம் வீண், போட எதுவும் இருக்காது, சேர்ந்தவர்களும் மறந்துவிடுவார்கள். பழைய வாடிக்கையாளரைப் பிடித்து வைப்பது குறி என்றால் உருப்படியான வேலை நடக்க வேண்டிய மாதங்களே இவைதான். தை பிறந்ததும், நீளநோட்டில் இருக்கும் பெயர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி போகட்டும்: எங்களிடம் வாங்கியதில் எது சரியாக வெடிக்கவில்லை, பெட்டியின் படம் இருந்தால் அனுப்புங்கள், அடுத்த முறை பார்த்துத் தருகிறோம். சிலர் பொங்கல் வாழ்த்து மட்டும் அனுப்புவார்கள். சிலர் நமத்துப்போன புஸ்வாணத்தின் படத்தை அனுப்பி நாலு வார்த்தை திட்டுவார்கள். திட்டியவர் புரட்டாசியில் வேன் பிடித்துக்கொண்டு வருவார். 80 சதவீதம் தள்ளுபடி போட்ட அந்தப் போலிப் பக்கத்துக்கு அதே தை மாதத்தில் போன் போட்டுப் பாருங்கள், எடுக்க ஆள் இருக்காது.